தவறணைக் குத்தகையும் திறைசேரியும்

கண்டி மாநகரை விட்டு வடகிழக்கே, வத்தேகம வழியாக ஏறிச் செல்லும் பாதை, மலைகள் நெருங்கி நிற்கும் ஓரிடத்திலே பன்வில என்னும் சிற்றூரை அடைகின்றது. பன் என்பது பாய் முடையும் கோரைக்குச் சிங்களத்தில் வழங்கும் பெயர்; வில என்பது நீர் தேங்கிய தாழ்நிலம். கோரைச் சதுப்பின் பெயரைத் தாங்கிய அவ்வூரைச் சுற்றி இன்று கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலையே பரந்திருக்கின்றது. ஒருபுறம் மடுல்கலை, மற்றொருபுறம் ஹுலுகங்கை, அப்பால் மேகம் தவழும் நக்கிள்ஸ் மலை முகடுகள். தேயிலைக்கு முன்னே அங்கு கோப்பி இருந்தது. கோப்பிக்கு முன்னே காடு இருந்தது. அக்காட்டை வெட்டிக் கோப்பி நட்டவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காய்ச்சலும் பட்டினியும் வழியெங்கும் பலி கொள்ள, மாத்தளைப் பாதையால் நடந்து வந்த தமிழ்நாட்டு உழவர் மக்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அம்மலைகளிலேயே வாழ்கின்றனர்.

உடலுக்குக் கேடு செய்யும் உணவுக்கும் பானத்துக்கும் பழக்கத்துக்கும் அரசாங்கம் வரி விதிக்கலாமா என்னும் வினா, அண்மைக் காலத்தில் உலகெங்கும் பெரிதாகப் பேசப்படுகின்றது. சீனி மிகுந்த பானம், கொழுப்பு மிகுந்த பண்டம், புகையிலை, மது ஆகிய யாவும் இவ்விசாரணைக் கூண்டிலே நிறுத்தப்பட்டுள்ளன. மருத்துவர்கள் ஒருபுறமும் வணிகர்கள் மறுபுறமுமாக நின்று வாதிடுகின்றனர். கேட்போர் இதனைப் புதிய வினா என்றே எண்ணக்கூடும். ஆயின் பன்விலைக் கடைவீதியைப் போன்ற மலைநாட்டுக் கடைவீதிகளுக்கு இவ்வினா ஏறத்தாழ இருநூறு ஆண்டுப் பழைமையுடையது. அங்கே வரி விதிக்கப்பட்ட பண்டம் சாராயம்.

மதுவையும் பொக்கிஷத்தையும் இணைத்துப் பார்ப்பது நம் நாட்டு நூல்களுக்கும் புதிதன்று. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் மது விற்பனையை மேற்பார்க்கத் தனி அதிகாரி ஒருவனை நியமித்து, அவன் கடமைகளை விரிவாக வகுக்கின்றது. வள்ளுவரோ கள்ளுண்ணாமை அதிகாரத்தை அறத்துப்பாலில் வைத்தாரல்லர்; பொருட்பாலில் வைத்தார். குடிப்பது தனிமனிதன் ஒழுக்கம் பற்றியது மட்டுமன்று, நாட்டின் பொருள் நிலையையும் தொடுவது என்று அவர் கருதினார் போலும். கௌடிலியர் மதுவினால் வரும் வருவாயைக் கணக்கிட்டார். வள்ளுவர் மதுவினால் போகும் செல்வத்தைக் கணக்கிட்டார். இலங்கையை ஆண்ட ஐரோப்பியர் முன்னவர் வழியையே, அவரை அறியாமலே, பின்பற்றினர் எனலாம்.

இலங்கையின் கரையோரப் பகுதிகளில் ஒல்லாந்தர் காலத்திலேயே சாராய விற்பனையைக் குத்தகைக்கு விடும் முறை வழக்கில் இருந்தது. ஆங்கிலேயர் அதனை அப்படியே ஏற்றுக்கொண்டனர். 1815இல் கண்டி இராச்சியம் அவர்கள் கைக்கு வந்தபின் மலைநாட்டுக்கும் அம்முறை ஏறியது. முறை எளிமையானதே. ஒரு மாவட்டத்தில் குறித்த காலத்துக்குச் சாராயம் விற்கும் தனியுரிமையை அரசாங்க அதிபர் கச்சேரியிலே ஏலம் கூறுவார். மிகுந்த தொகை கேட்டவருக்கு உரிமை கிட்டும். அவர் அத்தொகையைத் தவணை முறையில் அரசுக்குச் செலுத்திவிட்டு, ஊரூராகத் தவறணைகளை அமைப்பார். அல்லது சிறு குத்தகைக்காரருக்குக் கைமாற்றிக் கொடுப்பார். தென்னங்கள்ளைக் காய்ச்சி வடிக்கும் தொழில் களுத்துறை, பாணந்துறை, மொறட்டுவைக் கரைகளிலே நடந்தது. அங்கிருந்து பீப்பாய் பீப்பாயாக மாட்டு வண்டிகளிலே மலையேறி வந்த சாராயம், பாதை சென்ற இடமெல்லாம் சென்றது. 1844ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இம்முறைக்கு ஒழுங்கு வகுத்தது.

இவ்வேற்பாட்டின் உட்பொருளைச் சிறிது நின்று நோக்க வேண்டும். குத்தகைக்காரர் கொடுக்க வேண்டிய தொகை ஏலத்தன்றே நிலையாகிவிடுகின்றது. அதற்குமேல் விற்கும் ஒவ்வொரு கோப்பையும் அவர்க்கு இலாபம். ஆகவே விற்பனையைப் பெருக்குவதே அவர் தொழில். இனி அரசாங்கத்தின் நிலை என்ன? அடுத்த ஏலத்தில் எவ்வளவு தொகை வரும் என்பது, இம்முறை எவ்வளவு சாராயம் விற்றது என்பதைப் பொறுத்தது. எனவே குடி பெருகப் பெருக ஏலம் ஏறும்; ஏலம் ஏறத் திறைசேரி நிறையும். குடியைக் கட்டுப்படுத்தவே இத்தனியுரிமை முறை வைக்கப்பட்டுள்ளது என்று அதிகாரிகள் சொல்லிக் கொண்டதுண்டு. தவறணைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்ததும், உரிமையின்றி விற்போர் தண்டிக்கப்பட்டதும் உண்மையே. ஆனால் கள்ளத்தனமாக விற்போரைத் தேடிப் பிடிப்பதில் குத்தகைக்காரரின் ஏவலாளர் காட்டிய ஊக்கம், குடியின்மேல் கொண்ட வெறுப்பினால் எழுந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை அரசின் மொத்த வருவாயில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சாராயக் குத்தகையே தந்துகொண்டிருந்தது. பத்தில் ஒரு பங்கு தரும் பசுவின் மடியை வற்றச் செய்ய எந்த இடையன் விரும்புவான்?

1830களிலிருந்து கோப்பித் தோட்டங்கள் கண்டி மலைகளிலே விரிந்தன. கைக்கு நாணயம் கிடைக்கும் பெருங்கூட்டம் ஒன்று மலைநாட்டில் முதன்முதலாகத் தோன்றியது. குளிரும் அட்டைக்கடியும் இடைவிடாத மழையும் சூழ்ந்த லயங்களிலே, சொந்த ஊரையும் உற்றாரையும் பிரிந்து கிடந்த அம்மக்களுக்குத் தவறணை ஒன்றே பொழுதுபோக்காக வாய்த்தது. ஆங்கிலத் தோட்டத் துரைமாரும் இதனால் மகிழ்ந்தாரல்லர். 1854இல் கண்டியிலே தம் சங்கத்தை நிறுவிக்கொண்ட அவர்கள், தோட்டத்து எல்லையில் தவறணை வைப்பதைப் பற்றி முறையிட்டனர். ஆள் வேலைக்கு வருவதில்லை என்பது ஒரு குறை; திருடிய கோப்பி தவறணைக்கும் கடைக்கும் போய்ச் சேருகின்றது என்பது மற்றொரு குறை. தொழிலாளியின் ஈரலைப் பற்றிய கவலை அம்முறையீடுகளில் முதலிடம் பெற்றதாகச் சொல்ல முடியாது.

அத்தொழிலாளி வேறொரு வகையிலும் வரி செலுத்தினான். இந்தியாவிலிருந்து இறக்குமதியான அரிசிக்கும் சுங்கத் தீர்வை இருந்தது. தோட்டத்து உலையிலே கொதித்தது பெரும்பாலும் அந்த அரிசியே. உடலை வளர்க்கும் சோற்றுக்கும் வரி, உடலைக் கெடுக்கும் சாராயத்துக்கும் வரி! தீயதற்கு விதித்தால்தானே அது திருத்தும் வரி? நல்லதற்கும் அதே கையால் விதிக்கும்போது, வசதியாக அகப்பட்டவனிடம் வசூலிக்கும் வரி என்றுதானே அதனை அழைக்க வேண்டும்? மறுபுறத்திலே, தோட்ட முதலாளிகளின் கோப்பி ஏற்றுமதிக்கு இருந்த தீர்வை 1840களின் பிற்பகுதியில் நீக்கப்பட்டது. அதனால் ஏற்பட்ட பள்ளத்தை நிரப்ப வந்தவை டொரிங்டன் பிரபுவின் வரிகள்.

அவ்வரிகளின் கதை இப்பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. 1848இல் தேசாதிபதி டொரிங்டன், துப்பாக்கி வைத்திருப்போர் ஆண்டுக்கு இரண்டரைச் சிலிங்கும், நாய் வளர்ப்போர் நாயொன்றுக்கு ஒரு சிலிங்கும் கட்ட வேண்டும் என்றார். கடைகளுக்கும் வண்டிகளுக்கும் வரி வந்தது. ஆடவர் ஆண்டுக்கு ஆறு நாள் தெரு வேலை செய்தல் வேண்டும். இல்லையேல் மூன்று சிலிங் செலுத்துதல் வேண்டும். நாய்வரி பணத்துக்காக அன்று, வீணான நாய்ப் பெருக்கத்தைக் குறைக்கவே என்று அரசுத் தரப்பில் சொல்லப்பட்டது. பொது நன்மையைக் காட்டி விதிக்கப்பட்ட வரி என்ற அளவில், இன்றைய சீனி வரிக்கு அது ஒரு தூரத்து உறவே. ஆனால் மலைநாட்டு மக்கள் அச்சொல்லை நம்பினாரில்லை. கண்டிக் கச்சேரியின் முன் ஆயிரக்கணக்கில் திரண்டனர். மாத்தளைப் பகுதியில் கலகம் மூண்டது. கொங்காலேகொட பண்டா மன்னனாக முடிசூடினான். புரன் அப்பு 1848 ஆகஸ்டு 8ஆம் நாள் கண்டியிலே சுடப்பட்டு இறந்தான். வரி சிறிதே, ஆயினும் எதற்காக என்று சொல்லும் வாயில் நம்பிக்கை இல்லாதபோது, சிறிய வரியும் சினத்தை மூட்டிவிடுகின்றது.

சாராய வரிக்கு எதிராக அவ்வாறு எவரும் ஆயுதம் எடுக்கவில்லை. அதுவே அவ்வரியின் சிறப்பு என்று திறைசேரியார் கருதியிருத்தல் கூடும். குடிப்பவன் தானே விரும்பிக் கொடுக்கின்றான். தண்டல்காரன் அவன் வாசலில் நிற்பதில்லை. சீனி, சாராயம், புகையிலை ஆகிய மூன்றும் வாழ்வுக்கு இன்றியமையாதன அல்ல, எனினும் எங்கும் நுகரப்படுவன; ஆகவே வரிக்கு மிகத் தகுந்தன என்று 1776இலேயே ஆதம் சிமித் எழுதிவைத்தார். அந்த நியாயம் ஏட்டளவில் குற்றமற்றது. ஆனால் விருப்பம் என்பது பழக்கமாகி, பழக்கம் நோயாகிவிட்ட பின், கொடுப்பவன் விரும்பிக் கொடுக்கின்றான் என்று எவ்வளவு தூரம் சொல்லலாம்?

இக்குத்தகையினால் செல்வம் ஈட்டியவருள் மொறட்டுவையைச் சேர்ந்த சொய்சா குடும்பத்தார் முதன்மையானவர். ஜெரோனிஸ் டி சொய்சா மலைநாட்டுச் சாராயக் குத்தகையிலும் வணிகத்திலும் பொருளீட்டி, ஹங்குராங்கெத்தையில் முன்னர் அரசருக்குரியதாயிருந்த தோட்டத்தை விலைக்கு வாங்கி, கோப்பி பயிரிட்ட முதல் இலங்கையருள் ஒருவரானார். அவர் மைந்தர் சார்ல்ஸ் ஹென்றி டி சொய்சா பெருங் கொடையாளர். கொழும்பிலே 1879இல் திறக்கப்பட்ட பிரசவ மருத்துவமனை அவர் கொடையால் எழுந்தது. இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. எத்தனையோ தாய்மார் அங்கே நலமாகப் பிள்ளை பெற்று மீண்டனர். அக்கொடையைக் குறைத்துப் பேசுவது நன்றி மறத்தலாகும். எனினும் வரலாற்றை நோக்குவோர்க்கு ஒன்று தோன்றாமற் போகாது. மலைநாட்டுத் தவறணையிலே பிறந்த செல்வத்தின் ஒரு பகுதி, தனியார் ஒருவரின் கொடையினால் ஒரு மருத்துவமனையாக மலர்ந்தது. அதே தவறணையிலிருந்து அதற்கும் முன்னே பங்கு பெற்ற அரசோ, குடியினால் நலிந்தவர்க்கென்று அவ்வருவாயிலிருந்து எதனையும் ஒதுக்கி வைத்ததில்லை.

பௌத்த மறுமலர்ச்சியோடு மதுவிலக்கு இயக்கமும் தலையெடுத்தது. 1904ஆம் ஆண்டில் மேல் மாகாணத்திலும் சப்ரகமுவ மாகாணத்திலும் ஊரூராக மக்கள் கூடிக் குடிப்பதில்லை என்று உறுதி பூண்டனர். உறுதியை மீறியவனை ஊரார் எள்ளி நகையாடினர். சில இடங்களிலே தவறணைகள் ஆளரவமற்றுக் கிடந்தன, குத்தகைக்காரர் கலங்கினர். மக்கள் தாமாகத் திருந்துவதைக் கண்டு அரசு அகமகிழ்ந்திருக்க வேண்டும் அன்றோ? தலைமைக்காரர்கள் இவ்வியக்கத்தில் ஈடுபடுவதை அரசு விரும்பவில்லை என்பதே வரலாறு தரும் விடை. அரசியல் அச்சம் அதற்கொரு காரணம். வருவாய் மற்றொரு காரணம்.

1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் பழைய குத்தகை முறைக்கு முடிவு கட்டியது. தேசாதிபதி மக்கலம் காலத்தில் வந்த இச்சீர்திருத்தம் சென்னை மாகாணத்து அப்காரி முறையைத் தழுவியது. மாவட்டம் முழுவதையும் ஒருவருக்குத் தாரை வார்ப்பது நின்றது. மதுவரித் திணைக்களம் பிறந்தது. கள்ளும் சாராயமும் ஒரே கடையில் விற்பது கூடாது. கள்ளுக்குத் தனித் தவறணை வேண்டும் என்று விதிக்கப்பட்டது. இவ்விதிக்கு அரசு சொன்ன நியாயம் முற்றும் பொய்யன்று: கள் மென்மையானது, கள்ளருந்த வருபவன் சாராயத்தின் பக்கம் இழுக்கப்படாமல் பிரித்து வைப்பது நல்லது என்பது அந்நியாயம். ஆனால் அதன் விளைவாகத் தவறணை கண்டறியாத ஊர்களிலும் கள்ளுத் தவறணைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. எப். ஆர். சேனாநாயக்க, டி. பி. ஜயதிலக முதலியோர் அதன் முன்னணியில் நின்றனர். மூன்றாண்டு சென்று 1915 மே மாத இறுதியில் கண்டியிலே தொடங்கிய இனக் கலவரத்தைச் சாக்காக வைத்து, மதுவிலக்குத் தலைவர் பலரையும் ஆங்கில அரசு சிறையிலிட்டது. அவர்களுக்காக வாதாடியவர், தமிழரான பொன்னம்பலம் இராமநாதன் என்பது நேயர்கள் அறிந்ததே.

இதன்பின் வந்த ஏற்பாடுகளுள் மிகவும் கவனிக்கத்தக்கது, ஒரு வட்டாரத்தில் தவறணை இருக்கலாமா கூடாதா என்பதை அவ்வட்டார மக்களே வாக்களித்துத் தீர்மானிக்கும் உரிமை. யாழ்ப்பாணத்தார் இவ்வுரிமையை மிகுந்த ஊக்கத்தோடு பயன்படுத்தித் தவறணைகளை மூடினர். மூடிய இடங்களில் களவாகக் காய்ச்சுதல் இல்லாமற் போயிற்று என்று சொல்லிவிட முடியாது. ஆயினும், வரி விதிப்பதோ விலக்குவதோ மேலிருந்து வராமல், கேட்டை நேரில் அனுபவிக்கும் வீட்டாரிடமிருந்தே முடிவு வரலாம் என்பதை அது காட்டியது.

பன்விலையைச் சூழ்ந்த தோட்டங்களில் நிலைமை வேறு. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி, மத்திம உயரத் தோட்டங்களில் ஆணுக்கு 52 சதம், பெண்ணுக்கு 41 சதம், சிறுவர்க்கு 31 சதம். அரை ரூபாயை எட்டியும் எட்டாததுமான இக்கூலியிலேதான் அரிசியும் துணியும் மருந்தும் திருவிழாவும் அடங்க வேண்டும். வருமானம் சிறிதாக இருக்குமிடத்திலே ஒரு போத்தல் கள்ளின் விலையில் ஒளிந்திருக்கும் வரி, துரையின் மேசையிலுள்ள விஸ்கிக்குரிய வரியைவிட எத்தனையோ மடங்கு கனமானது. அது போதாதென்று, பெண்ணின் கூலியைக் கணவனே சென்று வாங்கும் வழக்கமும் பல தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. காலைப் பெரட்டுக்குப் போய் மாலை வரை கூடையைச் சுமந்து கொழுந்தெடுத்தவள் ஒருத்தி. அக்கூலியைக் கையேந்தி வாங்கித் தவறணைப் படியேறியவன் மற்றொருவன். அவ்விருவருக்கும் அப்பால் வரியைப் பெற்றுக்கொண்டது அரசு. குடிக்காதவளே வரியின் பெரும்பகுதியைச் செலுத்தினாள் என்று சொன்னால் அது மிகையாகாது. 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள், கண்டிக்கும் தோட்டப் பகுதிகளுக்கும் சென்று, அங்கு திரண்ட தொழிலாளரிடம் குடியை விடுமாறு மீண்டும் மீண்டும் வேண்டினார்.

பத்தாண்டு சென்றபின், அத்தொழிலாளரின் மூதாதையர் பிறந்த மண்ணிலே ஒரு சோதனை நிகழ்ந்தது. 1937இல் சென்னை மாகாணப் பிரதம அமைச்சரான இராஜாஜி, அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தார். மதுவிலக்கு வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தபோது அப்காரி வருவாயில் பெருந்துளை விழுந்தது. அதனை அடைக்க 1939இல் அவர் கொண்டுவந்தது விற்பனை வரி. குடிப்பவனிடமிருந்து பெற்றதை விட்டுவிட்டு, எல்லாப் பண்டத்தின்மேலும் சிறிது சிறிதாகப் பெறுவது என்பது அதன் கருத்து. பின்னாளில் நேர்ந்தது விந்தை. 1971இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது, இடையிலே மீண்டும் வந்தது, மறுபடியும் போயிற்று. 2003 முதல் அரசு நிறுவனமே மதுவைச் சில்லறையாக விற்கத் தொடங்கியது. மதுவுக்கு ஈடாக வந்த விற்பனை வரியோ ஒருபோதும் திரும்பிப் போகவில்லை.

அவ்வாறாயின் கேடான பண்டத்துக்கு வரியே கூடாதா? அப்படி முடிவு கட்டுவதும் அவசரமே. இங்கிலாந்தில் 1736ஆம் ஆண்டுச் சட்டம் ஜின் என்னும் மதுவை விற்க ஆண்டுக்கு 50 பவுண் அனுமதிக் கட்டணமும், கலன் ஒன்றுக்கு 20 சிலிங் வரியும் விதித்தது. அனுமதி பெற்றவர் மிகச் சிலர். ஒளித்து விற்றவர் மிகப் பலர். 1743இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. டென்மார்க்கு 2011இல் கொழுப்புக்கு வரி விதித்து, மக்கள் எல்லை தாண்டி ஜெர்மனியில் வெண்ணெய் வாங்கக் கண்டு, 2013 தொடக்கத்தில் கைவிட்டது. இவற்றைச் சுட்டிக்காட்டி வரியே பயனற்றது என்பார் உளர். ஆனால் மெக்சிக்கோ 2014இல் இனிப்புப் பானத்துக்கு லீற்றர் ஒன்றுக்கு ஒரு பேசோ வரி விதித்தபோது, முதலாண்டிலேயே அப்பானங்களின் விற்பனை ஏறத்தாழ 6 வீதம் குறைந்தது. பிரித்தானியா 2018இல் சீனியின் அளவுக்கேற்ப வரி வைத்தது. அறிவிப்பு வந்து சட்டம் நடைமுறைக்கு வருமுன்னரே உற்பத்தியாளர் பலர் சீனியைக் குறைத்துவிட்டனர். அங்கே வரி வெற்றி பெற்றது என்பதற்கு அடையாளம், எதிர்பார்த்ததைவிடக் குறைவாகப் பணம் வந்ததே! புகையிலையைப் பொறுத்தமட்டில், விலை 10 வீதம் ஏறினால் நுகர்வு 4 முதல் 5 வீதம் வரை குறையும் என்பது உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட மதிப்பீடு. எனவே வரி மருந்தாவதும் உண்டு. அம்மருந்தைக் கொடுப்பவர் நோய் தீர வேண்டும் என்று விரும்புகின்றாரா, நோயாளி நாள்தோறும் வந்து மருந்து வாங்க வேண்டும் என்று விரும்புகின்றாரா என்பதிலேதான் வேறுபாடு தோன்றுகின்றது.

சுதந்திர இலங்கையில் இவ்விரு விருப்பங்களும் இரண்டு அலுவலகங்களிலே குடியிருக்கின்றன. மதுவரித் திணைக்களம் நிதி அமைச்சைச் சார்ந்தது. ஆண்டுதோறும் எட்ட வேண்டிய வருவாய் இலக்கு அதற்கு உண்டு. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகார சபை சுகாதார அமைச்சைச் சார்ந்தது. நுகர்வு குறைய வேண்டும் என்பது அதன் நோக்கம். இரண்டும் ஒரே அரசின் இரு கைகள். வரி ஏறும்போது நுகர்வு குறைகின்றதா, அல்லது ஏழை கசிப்பின் பக்கம் ஒதுங்குகின்றானா என்பதை இரண்டும் வெவ்வேறு கண்ணோடு பார்க்கின்றன. கசிப்புக்கு வரியும் இல்லை, தரமும் இல்லை. அது கெடுக்கும் உடல் மட்டும் பழைய உடலே.

தோட்டத்துத் தொழிலாளிக்கு இன்னும் ஒரு கணக்குத் தீர வேண்டியிருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கி வாக்குரிமையைப் பறிக்க வழி செய்தது. வரி செலுத்துவதற்கு மட்டும் பிரசாவுரிமை தேவைப்படவில்லை. அவர்களுடைய லயங்களுக்குப் பாதை அமைக்கவும் நீர் வழங்கவும் உள்ளூராட்சிச் சபைகளுக்குச் சட்டத் தடை இருந்தது. எஞ்சிய நாடற்றோர்க்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. பிரதேச சபைகள் தோட்டங்களில் செலவு செய்யத் தடையாயிருந்த பிரிவு 2018இலேயே திருத்தப்பட்டது. கோப்பிக் காலந்தொட்டு அம்மக்கள் தவறணையிலும் அரிசிக் கடையிலும் செலுத்திய வரி, அவர்கள் வீட்டு வாசலுக்குப் பாதையாகத் திரும்பி வருவதற்கு அத்தனை காலம் பிடித்தது.

இனி, சாராயத்தை விட்டுச் சீனிக்கு வரலாம். 2016 ஆகஸ்டு முதல் இலங்கையில் இனிப்புப் பானப் போத்தல்களில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்னும் நிறக் குறியீடு இடப்பட வேண்டும் என்று சுகாதார அமைச்சு விதித்தது. நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2017 நவம்பரில், அப்பானங்களில் உள்ள சீனிக்குக் கிராம் ஒன்றுக்கு 50 சதம் வரி வந்தது. இது சரியான திசையிலே வைத்த அடி என்று மருத்துவர்கள் வரவேற்றனர். ஓராண்டு கழிந்தபோது, 2018இலேயே, அவ்வரி குறைக்கப்பட்டது. 2020 அக்டோபரில், இறக்குமதியாகும் வெறுஞ் சீனிக்கு இருந்த விசேட பண்ட வரி கிலோ ஒன்றுக்கு 50 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 25 சதமாக இறங்கியது. நீரிழிவு அன்று குறைந்திருந்தது என்பதற்காக அன்று. 2023 நவம்பரில் அதே வரி 25 சதத்திலிருந்து மீண்டும் 50 ரூபாயாயிற்று. நீரிழிவு பெருகிவிட்டது என்பதற்காகவும் அன்று. நாடு கடனிலே மூழ்கியிருந்த காலம் அது. திறைசேரிக்குப் பணம் வேண்டியிருந்தது.

தோட்டத்து லயங்களிலே விடியற்காலையில் பெரட்டுக்குப் புறப்படுமுன் அடுப்பில் ஏறுவது சாயத்தண்ணீர். பால் சேர்க்க வசதியற்ற வீட்டிலே அதற்குச் சுவையும் தெம்பும் தருவது சீனி ஒன்றே. சிவப்புக் குறியிட்ட பானப் போத்தலை விரும்பினால் வாங்கலாம், விட்டும் விடலாம். மடுல்கலைக் குளிரிலே மலையேறப் போகின்றவள் அக்கோப்பைச் சாயத்தை விடுவது அத்தனை எளிதன்று. 2023 நவம்பரில் ஏறிய 50 ரூபாயில் தன் பங்கை அவளும் செலுத்தினாள். அந்தச் சீனிக்கு நிறக் குறியீடு எதுவும் இருக்கவில்லை.